மெதுவா இளைச்சா போதும்

சோபாவிலிருந்து சூப்பர்வைசரால் எழுந்திருக்க முடியவில்லை.

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலது கையை ஊன்றிப் பார்த்தார். கை முழங்கை வரைக்கும் மெத்தைக்குள் போனது. இடது கையை ஊன்றினார். அதுவும் போனது. இரண்டையும் பிடுங்கிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடி, ஆடிய வேகத்திலேயே எழுந்துவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டார். ஆடினார். சோபாவும் கூடவே ஆடியது. முன்பைவிட ஆழமாக உட்கார்ந்ததுதான் மிச்சம்.

போன பிறந்த நாளுக்கு வீட்டார் மூன்று பேரும் சேர்ந்து வாங்கித் தந்த சோபா அது. கடையில் இருந்ததிலேயே தாழ்வானது, இருந்ததிலேயே மெத்தென்றது. "அப்பா உடம்புக்கு இதமா இருக்கணும்" என்று பெரியவன் கடை கடையாக ஏறி இறங்கித் தேடினானாம். அதில் முதன்முதலாக உட்கார்ந்த அன்று சூப்பர்வைசருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

எதிரே முக்காலியின் மேல் கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் இத்தனை பாடும். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவி, பெரியவன், சின்னவள், மூவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது கீழ வாங்க" என்று குரல் கொடுத்தார்.

சிரிப்பு நின்றது. ரேடியோவை அணைத்ததுபோல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மனைவி இறங்கி வந்து, கடைசிப் படியிலேயே நின்றாள்.

"என்னங்க?"

"எழுந்திருக்க முடியலை."

"கையை ஊனிப் பாருங்களேன்."

"ஊனிட்டேன்."

"நல்லா ஊனிப் பாருங்க."

டிவி ரிமோட் பறந்து சுவரில் மோதிச் சிதறியது. அவள் அதற்குள் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். எதுவும் வருவதற்கு முன்பே விலகிக்கொள்ளும் சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. சமையலறையிலும் அப்படித்தான், எண்ணெய் தெறிப்பதற்குள் ஒதுங்கிவிடுவாள்.

"கோபப்படாதீங்க. இதோ" என்று துடைப்பக் கட்டையால் முக்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் அதைப் பற்றிக்கொண்டு எழ முயல, முக்காலி சாய, அவரும் சாய, கைபேசி சோபாவின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. தரையில் உருண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து, பாதி மூச்சு வெளியிலும் பாதி மூச்சு உள்ளேயுமாக அவர் நிமிர்ந்தபோது மணி ஓய்ந்திருந்தது.

"யாருங்க போன்ல?"

"டாக்டர். வயித்தை வெட்டிச் சின்னதாக்குவாங்களே, அந்த டாக்டர்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குங்க அதெல்லாம்? மெதுவா இளைச்சா போதும்."

பாவம், எவ்வளவு பயந்துபோய்விட்டாள் என்று சூப்பர்வைசருக்கு நெஞ்சு இளகியது. ரிமோட்டை எறிந்ததற்காக வருத்தப்படலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். பிறகு, சுவர்தானே வாங்கிக்கொண்டது என்று விட்டுவிட்டார்.

அவர் ஒரு சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். மூட்டைகளையும் ஆட்களையும் மேய்ப்பது உத்தியோகம். வீட்டுக்கு வந்தும் அந்த உத்தியோகத்தைக் கழற்றி வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்ததில்லை. ஆகவே தெருவிலும் அவர் சூப்பர்வைசர், உறவிலும் சூப்பர்வைசர். இள வயதில் கொஞ்சம் முன்கோபம் என்று அவரே சொல்லிக்கொள்வார். இப்போது பக்குவப்பட்டுவிட்டதாக அவருடைய எண்ணம். பக்குவமும் உடம்பும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததை அவர் கவனித்ததில்லை.

மூச்சு வாங்குவதோ, முட்டி வலிப்பதோ, பேருந்தில் இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொண்டு முறைப்பு வாங்குவதோ அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தம் ஒன்றுதான். மாடி ஏற முடியவில்லை.

அந்த வீட்டின் மாடிப்படி குறுகலானது, நடுவில் ஒரு திருப்பமும் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு அந்தத் திருப்பத்தில் அவர் சிக்கிக்கொண்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, அலமாரியை இறக்குவதுபோல் இறக்கினார்கள். அன்றோடு அவருடைய கட்டில் கீழே கூடத்துக்கு வந்துவிட்டது. மற்ற மூவரும் மாடியிலேயே படுத்தார்கள். "உங்க குறட்டைக்குப் பிள்ளைங்க தூங்க மாட்டேங்குதுங்க" என்றாள் மனைவி. வரவர அவர்கள் சாப்பிடுவது மாடியில், அரட்டை மாடியில், சண்டையும் சமாதானமும் மாடியில் என்று ஆகிப்போனது. கீழே சமையலறை, கழிவறை, சூப்பர்வைசர்.

சாயங்காலமானால் மேலிருந்து சிரிப்பு இறங்கி வரும். சின்னவள் சிரிக்கும்போது நடுவில் ஒரு விக்கல் வரும். நேருக்கு நேர் அவர் அதைக் கேட்டதில்லை. கூரையைப் பார்த்தபடி படுத்து, அந்த விக்கலுக்காகக் காத்திருப்பார். அது வந்ததும் இவரும் சிரிப்பார், என்ன விஷயம் என்று தெரியாமலேயே. தன் வீட்டிலேயே தான் குடக்கூலிக்கு இருப்பதுபோல் அவருக்குத் தோன்றும். அந்தத் தனிமை அவரைத் தின்றது, அவர் மற்ற எல்லாவற்றையும் தின்றார்.

டாக்டர் சிரித்த முகக்காரர். எடை பார்க்கும் மேடையில் சூப்பர்வைசரை ஏற்றி, எண்ணைப் பார்த்து, சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

"பண்ணலாம். ஆனா நேரா கத்திக்குப் போக வேணாம். கொஞ்ச மாசம் சாப்பாட்டைக் குறைங்க, நடங்க. அதுல குறைஞ்சா ரொம்ப நல்லது."

"அதெல்லாம் லேட்டாகும் டாக்டர். வெட்டிட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும்ல?"

"அப்படித்தான் எல்லாரும் நினைக்கறாங்க. வயித்தைத்தான் நான் வெட்ட முடியும், வாயை வெட்ட முடியாது. ஆபரேஷனுக்கு அப்புறமும் ஆயுசு பூரா அளந்துதான் சாப்பிடணும். அந்தப் பழக்கம் இப்பவே வருதான்னு பாப்போம். சரி, எதுக்காக இளைக்கணும்னு நினைக்கறீங்க?"

"மாடி ஏறணும்."

"மாடியா?"

"என் பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாம் மாடியில இருக்காங்க டாக்டர். நான் மட்டும் கீழ."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வார்த்தை அவரைத் தொட்டிருக்க வேண்டும். எத்தனையோ பேர் சர்க்கரைக்காக, கல்யாணத்துக்காக, சட்டைக்காக இளைக்க வந்திருக்கிறார்கள். குடும்பத்தோடு சேர்ந்து சிரிப்பதற்காக வந்தவர் இவர் ஒருவர்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் கூட்டம். சூப்பர்வைசர் கூடத்தில், சோபாவை நம்பாமல், மர நாற்காலியில் அமர்ந்தார். மற்ற மூவரும் படிக்கட்டில், ஒருவருக்கு மேல் ஒருவராக உட்கார்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, திருப்பத்துக்குப் பக்கத்தில், சின்னவள்.

"வெட்டிக்கறதா, மெதுவா இளைக்கறதா? ஆளாளுக்குச் சொல்லுங்க" என்றார்.

"மெதுவா" என்றாள் மனைவி.

"மெதுவாதான்பா" என்றான் பெரியவன். அவன் கைபேசிக் கடையில் வேலை செய்பவன். இந்த விஷயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தான். "தையல் விட்டுப்போகலாமாம். சத்துக் குறையலாமாம். முடி கொட்டுமாம். சில பேருக்கு ரத்தம் உறைஞ்சு மூச்சே நின்னுடுமாம். வாழ்க்கைமுறையை மாத்திக்கறதுதான் நிரந்தரம்னு எல்லா டாக்டரும் சொல்றாங்க. அவசரமே வேணாம்பா. ரெண்டு வருஷம், மூணு வருஷம், எவ்வளவு ஆனாலும் நாங்க இருக்கோம்."

"நீ என்ன சொல்ற?" என்று மேலே பார்த்தார்.

சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். அவரிடம் பேசி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அவளுடைய சுபாவமே அப்படி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இடது கையை மடியில் மடித்து வைத்திருந்தாள். அந்த முழங்கை முழுதாக நீளாது. சின்ன வயதில் படியில் விழுந்துவிட்டாள் என்று வீட்டில் சொல்வார்கள்.

"அவளும் மெதுவான்னுதான் சொல்றா" என்றாள் மனைவி.

இப்படி ஒரு குடும்பம் யாருக்குக் கிடைக்கும் என்று சூப்பர்வைசருக்கு உச்சி குளிர்ந்தது. அவருடைய உயிருக்கு ஆபத்து என்றதும் மூன்று பேரும் ஒரே குரலில் தடுக்கிறார்கள். "சரி, மெதுவா" என்றார்.

மெதுவாகத்தான் போனது, ஆனால் எதிர்ப்பக்கம்.

முதலில் நடை. பெரியவன் நல்ல விலையில் நடைக் காலணி வாங்கி வந்தான். தெருமுனை போவதற்குள் இரண்டு குதிகாலும் உரிந்துவிட்டன. திரும்பி வந்து, கழற்றி எறிந்தார். பெரியவன் சரியான நேரத்தில் குனிந்துகொண்டான்.

"ஒரு சைஸ் சின்னதா வந்துடுச்சு போலப்பா. மாத்திட்டு வந்துடறேன்."

மாற்றிக்கொண்டு வந்தது இரண்டு சைஸ் பெரிது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார், உண்மைதான், ஆனால் குப்புற விழுந்து தாண்டினார். கணுக்கால் பிசகிக்கொண்டது. மறுபடியும் சோபா.

"அடிபட்ட உடம்பு பட்டினி கிடக்கக் கூடாதுங்க" என்று மனைவி ரொட்டியில் வெண்ணெயைப் பூசிக்கொண்டு வந்தாள். பூசியிருந்த கனத்தில் ரொட்டி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தட்டை முக்காலியில் வைத்து, கரண்டிக் காம்பால் அவர் பக்கம் நகர்த்திவிட்டாள்.

"டாக்டர் வேணாம்னாரே?"

"ஒரே ஒரு நாளைக்கு. பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம், என்னைத் திட்டுவாங்க. சீக்கிரம் சாப்பிடுங்க."

எனக்காகப் பிள்ளைகளிடம் திட்டு வாங்கத் துணிந்துவிட்டாளே என்று அவர் சாப்பிட்டார்.

சாயங்காலம் பெரியவன் வேலை முடிந்து வரும்போது அட்டைப் பெட்டியில் கேக் இருந்தது. "அப்பா, நீங்க வாடிப்போயிட்டீங்க. பாக்கவே கஷ்டமா இருக்கு. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

அதற்கும் பிறகு, விளக்கு வைத்து வெகு நேரம் ஆவதற்குள், சின்னவள் இறங்கி வந்தாள். ஒரு தட்டு நிறைய வறுத்த உருளைக்கிழங்கு. முக்காலியில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கை நீட்டுவதற்குள் திரும்பிப் படியேறிவிட்டாள்.

சூப்பர்வைசர் அந்தத் தட்டைப் பார்த்து அழுதார். பேசாத பிள்ளை கையால் பொரித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. டாக்டராவது, உணவு முறையாவது. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பின் அந்தத் தட்டு வராத நாளே இல்லை.

மூன்று பேருக்கும் ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது என்று அவர் நம்பினார். அந்த ரகசியங்களைக் கட்டிக்காப்பது தன் பொறுப்பு என்றும் எடுத்துக்கொண்டார். ரொட்டித் துணுக்கு பெரியவன் கண்ணில் படாமல் துடைப்பார். கேக் பெட்டியை மனைவி பார்க்காமல் சோபாவுக்கு அடியில் தள்ளுவார். ஒரு நாளும் இருவர் ஒரே நேரத்தில் வந்து மோதிக்கொண்டதில்லை. அவருடைய கிடங்குக்கு லாரிகள்கூட அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. நல்ல காலம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் ஒன்று வாங்கினார். மறுநாளே இருக்கை ஆட ஆரம்பித்தது. "சரி பண்ணித் தரேன்பா" என்று பெரியவன் இருக்கையைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போனான். இருக்கை திரும்பி வரவேயில்லை. சைக்கிளின் மேல் ஈரத் துணி காய்ந்தது.

வீட்டில்தான் இப்படி, வேலையிடத்திலாவது நடப்போம் என்று முடிவு செய்தார்.

ஒரு காலத்தில் அந்தக் கிடங்கில் அவருக்கு இன்னொரு பெயர் இருந்தது. பூனை. மூட்டை அடுக்குகளுக்கு நடுவே சத்தமே இல்லாமல் வந்து, மறைவில் படுத்திருப்பவனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிடுவார். உடம்பு போட்டதிலிருந்து வாசலில் நாற்காலியோடு சரி. மணிக்கொரு தரம் தேநீரும் பன்னும் வரும், யார் காசு என்று அவர் கேட்டதில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"இனிமே நான் உள்ள நடந்து வந்து பாக்கப்போறேன்" என்று அவர் அறிவித்ததும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுமைக்காரர்களில் மூத்தவன் பெயர் கொக்கி. மூட்டை தூக்கும் கொக்கியை இடுப்பிலிருந்து எடுக்காததால் வந்த பெயர்.

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?" என்றான் கொக்கி.

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

முதல் நாள் அவர் நடந்தார். முதல் திருப்பத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் பன். இரண்டாவது திருப்பத்தில் இன்னொரு நாற்காலி, பக்கத்தில் வாழைப்பழச் சீப்பு. அடுத்த வாரம் கொக்கியும் கூட்டாளிகளும் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

"நாங்க எல்லாரும் சேர்ந்து பண்ணது சார். நீங்க உக்காந்தா போதும், நாங்க தள்ளிட்டுப் போறோம்."

"சக்கரம் என்ன இப்படிக் கத்துது?"

"எண்ணெய் போட்டுடறோம் சார்."

எண்ணெய் போடவில்லை. நாற்காலி கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. அது போன இடமெல்லாம் ஆட்கள் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்தார்கள். படுத்துக்கிடந்தவன் ஒருவன்கூட அகப்படவில்லை. ஆட்கள் எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சூப்பர்வைசர் பூரித்துப்போனார். அன்பாக இருந்தால் உலகமே திருந்தும் என்று மனைவியிடமும் சொன்னார். அவள் "ஆமாங்க" என்று சொல்லி, ரொட்டித் தட்டை நகர்த்தினாள்.

டாக்டர் கொடுத்த தவணை முடிந்தது. மறுபடியும் எடை மேடை. டாக்டர் எண்ணைப் பார்த்தார், மேடையைத் தட்டினார், தானே ஏறி நின்று இறங்கினார். மேடை சரியாகத்தான் இருந்தது.

"கூடியிருக்கே."

"தண்ணியா இருக்கும் டாக்டர்."

"நான் சொன்னபடிதான் சாப்பிடறீங்களா?"

"ஒரு பருக்கை கூட அதிகம் இல்லை."

"வீட்டுல யாராவது இரக்கப்பட்டு ஏதாவது குடுக்கறாங்களா?"

சூப்பர்வைசர் யோசித்தார். மனைவியின் முகம் வந்தது. பெரியவனின் அட்டைப் பெட்டி, சின்னவளின் தட்டு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இவர்களைக் காட்டிக்கொடுப்பதா? வாழ்க்கையில் முதல் தடவையாக, பிறர் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவருக்கு மனம் வந்தது.

"இல்லை டாக்டர். நானாதான் கண்டதையும் தின்னுடறேன்."

"அப்போ ஆபரேஷன்தான் சரி. ஆனா அதுக்கு முன்னாடி உங்க வீட்டுல எல்லாரையும் நான் பாக்கணும். அப்புறம் பக்கத்துல இருந்து பாத்துக்கப்போறது அவங்கதானே. அவங்க மனசார ஒத்துக்கிட்டாதான் நான் கத்தியை எடுப்பேன்."

வீட்டில் வந்து சொன்னார். சமையலறையில் கரண்டி விழுந்தது.

"இன்னும் ஒரே ஒரு வருஷம் பாக்கலாம்பா" என்றான் பெரியவன், படியில் நின்றபடி.

"போதும்டா. நீங்க எனக்காகப் பட்டதெல்லாம் போதும். நான் மேல வரணும். உங்களோட உக்காந்து சாப்பிடணும்."

அன்றைக்கு மாடியில் சிரிப்பே இல்லை. குசுகுசுவென்று பேச்சு மட்டும் கேட்டது. பிறகு கனமான எதையோ தரையில் இழுக்கும் சத்தம். இழுத்தார்கள், நிறுத்தினார்கள், மறுபடியும் இழுத்தார்கள். அலமாரியாக இருக்க வேண்டும். என் கட்டிலுக்கு இப்போதே இடம் பண்ணுகிறார்கள் என்று கூரையைப் பார்த்தபடி படுத்திருந்த சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார். அந்தச் சத்தம் வந்த இடம் கதவுப் பக்கம் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை, மாடியை அவர் பார்த்துத்தான் பல வருடம் ஆகிறதே.

டாக்டரின் அறையில் நான்கு நாற்காலிகள் போட்டிருந்தன. சூப்பர்வைசர் ஒன்றில் நிறைந்தார். பக்கத்து நாற்காலியை மனைவி கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பெரியவன் அவளுக்கு அந்தப் பக்கம். சின்னவள் கதவோரம்.

டாக்டர் ஒரு தாளில் வயிற்றை வரைந்து, அதன் குறுக்கே கோடு போட்டு விளக்கினார். இவ்வளவு எடுத்துவிடுவோம், இவ்வளவுதான் மிஞ்சும், அதற்குமேல் ஒரு வாய் போட்டாலும் வெளியே வந்துவிடும்.

"அப்போ யார் எவ்வளவு குடுத்தாலும் இவரால சாப்பிட முடியாதா?" என்று கேட்டாள் மனைவி.

"முடியாதும்மா."

"கொஞ்சம் கொஞ்சமா குடுத்தாலும்?"

"கஷ்டம்."

அவள் பெரியவனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டாக்டர், வாழ்க்கைமுறை மாற்றத்தை நாங்க இன்னும் சரியா முயற்சி பண்ணலை. இன்னொரு வாய்ப்பு குடுத்தா..."

இதற்குமேல் சூப்பர்வைசரால் பொறுக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர், உங்ககிட்ட அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நானா தின்னலை. இவங்க பாசம்தான் என் வியாதி. இவ வெண்ணெயைப் பூசிக் குடுப்பா, பிள்ளைங்களுக்குத் தெரியாம. இவன் கேக் வாங்கிட்டு வருவான், அம்மாவுக்குத் தெரியாம. அதோ அந்தச் சின்னது, வாயே திறக்காது, தினம் ஒரு தட்டு பொரிச்சு வைக்கும். ஒருத்தர் பண்றது ஒருத்தருக்குத் தெரியாது. இந்தப் பாசம் இருக்கற வரைக்கும் மெதுவா இளைக்கற கதையே நடக்காது. கத்திதான் வழி."

சொல்லிவிட்டு மூவரையும் பார்த்தார். ஒருவரையொருவர் பார்த்து அதிர்ந்துபோவார்கள், நீயுமா என்று கேட்டுக்கொள்வார்கள், கடைசியில் எல்லாருமாக அழுதபடி சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். யாரும் அதிரவில்லை. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மட்டும் உருகிவிட்டார்.

"இப்படி ஒரு குடும்பத்தை நான் பாத்ததில்லை. ஆபரேஷனை நினைச்சுத்தானே பயப்படறீங்க? நான் பொறுப்பு. தைரியமா சரின்னு சொல்லுங்க."

மனைவி தலையை நிமிர்த்தினாள். "ஆபரேஷன் முடிஞ்சா இவரால படியேற முடியுமா?"

"தாராளமா ஏறலாம்."

"வேகமாவா?"

"ஓடியே ஏறலாம்மா. உங்க வீட்டுக்காரர் ஆசையே அதுதானே" என்று டாக்டர் சிரித்தார். பெரியவர்கள் முகத்தில் வெளிச்சம் வராததைப் பார்த்து, சின்னவளிடமாவது ஒரு சிரிப்பை வாங்கிவிடலாம் என்று அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, நீ மட்டும் ஒண்ணும் பேசாம இருக்க? இன்னும் ஒரு வருஷம் போகட்டும், நீ எவ்வளவு வேகமா ஓடினாலும் உங்கப்பா உன்னைத் துரத்திப் பிடிச்சிடுவாரு, பாரேன்."

சின்னவள் எழுந்து வந்தாள். இடது கையை டாக்டரின் மேஜைமேல், அந்த வயிற்றுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டினாள்.

"முன்னாடி ஒருவாட்டி அப்படித் துரத்திப் பிடிச்சப்பதான் டாக்டர், இந்தக் கை உடைஞ்சுது."